69 வெள்ளி டார்ச்சும் ஒரு துண்டு நூலும்

டார்ச்சின் மூடியைத் திருகியதும் 'புஸ்' என்று ஒரு சத்தம் வந்தது, பின்னாலேயே மாமாக் கடையில் ஆறிப்போன தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் தண்ணீர் ஒழுகி என் காலில் கொட்டியது. பாயார் தீவிலிருந்து திரும்பும் படகில் நடந்தது இது. அன்றைய முதல் ஸ்கூபா டைவில் பன்னிரண்டாவது நிமிடம் மினுக்கி மினுக்கி அணைந்துபோன டார்ச்சைத்தான் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். படகோட்டி அண்ணன் தூரத்திலிருந்தே கத்தினார், "தம்பி, மூஞ்சிக்கு நேரா பிடிக்காதே லா!" என்று. அவர் சொன்னது சரிதான். உப்புத் தண்ணீர் உள்ளே போய் பேட்டரியின் இரண்டு முனையையும் தொட்டால் அந்த மின்சாரம் தண்ணீரைப் பிரித்து வாயு உண்டாக்கும், மூடி இறுக்கமாக இருப்பதால் அது வெளியே போக வழியில்லாமல் அடைந்து கிடக்கும். லித்தியம் பேட்டரியே கெட்டிருந்தால் இன்னும் மோசம். தண்ணீர் புகுந்த டார்ச்சை யாராவது திறப்பதாக இருந்தால் வெட்டவெளியில் வைத்து, யார் பக்கமும் நீட்டாமல், கால் திருகு கால் திருகாகத் திறங்கள்.

நான் இருப்பது பினாங்கு ஆயர் ஈத்தாமில், வேலை பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலை டைவிங் சான்றிதழ் வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. டார்ச் விஷயத்தில் என் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை. ஆன்லைனில் 69 வெள்ளிக்கு (ரிங்கிட்) '10,000 லூமன், 100 மீட்டர் ஆழம், பேட்டரி இலவசம்' என்று போட்டிருந்ததைப் பார்த்து ஒரு நொடியில் வாங்கிவிட்டேன். வேலையில் ஒரு ரெசிஸ்டரைக்கூட அளந்து பார்க்காமல் போர்டில் வைக்க மாட்டேன், அது வேறு கதை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கணக்குப் போட்டேன், வாங்குவதற்கு முன்னாலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கு. லூமன் என்பது ஒளியின் அளவு, நல்ல எல்இடி ஒரு வாட்டுக்குக் கிட்டத்தட்ட 100 லூமன் தரும். அப்படியானால் 10,000 லூமனுக்கு 100 வாட் வேண்டும். இந்த டார்ச்சில் போடும் 18650 அளவு லித்தியம் பேட்டரி, நிஜமாகவே 3,500 மில்லி ஆம்பியர்-மணி உள்ள நல்ல சாமான் என்றே வைத்துக்கொண்டாலும், அதில் இருப்பது 13 வாட்-மணிக்கும் கொஞ்சம் குறைவு. அதாவது எட்டு நிமிடத்தில் காலி. அதுவும் அந்தச் சின்ன பேட்டரி 25 ஆம்பியருக்கு மேல் கக்கினால்தான் முடியும். என்னுடையதில் இருந்தது ஒரே ஒரு எல்இடி, அந்த அளவு எல்இடி ஆயிரம் லூமன் பக்கம் வந்தாலே பெரிய விஷயம். கூட வந்த பேட்டரியின் உறையில் 9,800 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சடித்திருந்தது. 18650 அளவில் பொதுவாகக் கிடைக்கும் நல்ல பேட்டரியே 3,500 பக்கம்தான் இருக்கும். தராசில் வைத்தேன், 33 கிராம். ஒழுங்கான பேட்டரி 45 கிராம் பக்கம் இருக்கும். நனைந்த பேட்டரியை சார்ஜரில் போட மனம் வரவில்லை, ஆனால் இலவசமாக வந்தது இரண்டு, அதில் நனையாத ஒன்றை வேலையிடத்து சார்ஜரில் ஏற்றி இறக்கி அளந்தேன்: 1,150.

இத்தனை பொய் இருந்தும் டார்ச் செத்தது இதனால் இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது. மூடியின் ஓ-ரிங்கை, அதாவது தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தை, வெளியே எடுத்து பூதக்கண்ணாடியில் பார்த்தபோது குறுக்கே ஒரு நீல நூல் கிடந்தது, தலைமுடியை விட மெல்லியது. என் குளியல் துண்டின் நூல். காலையில் டார்ச்சைத் துடைத்து பேட்டரி போட்டு மூடினேனே, அப்போது ஒட்டியிருக்கிறது. அந்த ஒரு நூல் போதும், ரப்பரும் உலோகமும் சேரும் இடத்தில் தண்ணீருக்கு ஒரு வாய்க்கால் வெட்டிக் கொடுத்துவிடும். விற்றவனைத் திட்டிக்கொண்டே இருந்தவன் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டேன். இருந்தாலும் மூடியில் இருந்தது ஒரே ஒரு ஓ-ரிங், அது அவன் தப்புதான். இரண்டு போட்டிருந்தால் நூல் ஒன்றைத் தாண்டினாலும் அடுத்தது தடுத்திருக்கும்.

அப்புறம் அதன் பட்டன். பின்பக்கம் ஒரு ரப்பர் குமிழ், அழுத்தினால் எரியும், தெருவில் விற்கும் டார்ச் மாதிரியே. கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு கிலோ அழுத்தம் கூடுகிறது. குமிழின் குறுக்களவு 12 மில்லிமீட்டர், பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 18 மீட்டரில் அதன்மேல் உட்கார்ந்திருப்பது இரண்டு கிலோ அரிசிப் பை. இரண்டு கிலோவில் அந்தப் பட்டன் தானாகவே அமுங்கிவிடும், அமுங்கினால் திரும்பி மேலே வராது, அதாவது கீழே போனபின் விளக்கை அணைக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. நூறு மீட்டர் என்று எதை வைத்து எழுதினான் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஐபிஎக்ஸ்-8 என்று ஒரு நீர்காப்புக் குறியீட்டைச் சில டார்ச்சில் போடுகிறார்களே, அதையும் நம்பி இறங்காதீர்கள். ஒரு மீட்டருக்கு மேல் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதை அதில் தயாரிப்பவனே முடிவு செய்துகொள்ளலாம். டைவிங் என்று தெளிவாக எழுதி, மீட்டரையும் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, பகலில் டைவ் போகிறவனுக்கு டார்ச் எதற்கு என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. ஐந்தாறு மீட்டரிலேயே சிவப்பு மங்கத் தொடங்கும், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள், பதினைந்து இருபது மீட்டரில் எல்லாமே நீலச் சாம்பல். பாயாரில் மென்பவளங்கள் அடர்ந்த ஓர் இடம் இருக்கிறது, பார்க்க அழகு என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்கு முதலில் அது காய்ந்த முருங்கைக் கீரை நிறத்தில்தான் தெரிந்தது. பக்கத்தில் வந்த நண்பன் தன் விளக்கை அடித்தான், அந்த வட்டத்துக்குள் மட்டும் குங்குமச் சிவப்பும் ஊதாவும் பளிச்சென்று வந்து நின்றது. விளக்கை நகர்த்தியதும் மறுபடியும் கீரை. ஒரு தடவை 18 மீட்டரில் சிப்பியில் விரல் கிழித்துக்கொண்டேன், ரத்தம் கரும்பச்சையாக வந்தது, ஒரு கணம் பயந்தே போனேன்.

அதே நண்பனின் விளக்கை இரண்டாவது டைவில் கடன் வாங்கிப் பார்த்தேன். வீடியோ எடுக்கிறவர்கள் வைத்திருக்கும் விளக்கு, ஒளி 120 டிகிரிக்கு விரியும், விலை என் மாதத் தவணையை விட அதிகம். பவளத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் அருமை. ஆனால் இரண்டு மீட்டர் தள்ளிப் பிடித்தால் எதிரே வெள்ளைச் சுவர்தான். நம்ம மலாக்கா நீரிணைத் தண்ணீர் அப்படி, எப்போதும் ஏதாவது துகள் மிதந்துகொண்டே இருக்கும். கேமரன் மலையில் மூடுபனிக்குள் கார் ஓட்டும்போது ஹைபீம் போட்டால் என்ன ஆகும்? அதேதான். துகள் ஒவ்வொன்றும் ஒளியைத் திருப்பி நம் கண்ணிலேயே அடிக்கிறது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், எனக்கு வேண்டியது ஒளி குறுகிய விளக்கு, எட்டு பத்து டிகிரிக்குள், குச்சி மாதிரி நேராகப் போகும் விளக்கு. பொந்துக்குள் பார்க்கலாம், கூட வருகிறவனுக்கு சைகை காட்டலாம். வீடியோ நான் எடுக்கப் போவதில்லை.

இதற்குப் பிறகு லூமனைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். ஆயிரம் என்று எழுதியிருந்தால் போதும், எண்ணூறு இருந்தாலும் பரவாயில்லை. நான் எண்ணியது ஓட்டைகளை. ஒரு டார்ச்சில் தண்ணீர் புகக்கூடிய இடம் எத்தனை? கண்ணாடி ஓரம் ஒன்று, பேட்டரி மூடி ஒன்று, பட்டன் ஒன்று, சார்ஜ் ஏற்ற ஒரு வாய் வைத்திருந்தால் அது ஒன்று. சார்ஜ் வாய் உள்ளது எதுவும் வேண்டாம் என்று ஒதுக்கினேன். பேட்டரியை வெளியே எடுத்து சார்ஜ் போடுவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

மிச்சம் சுவிட்ச். மலிவில் மூன்று வகை கிடைக்கிறது. பட்டன் கதையைச் சொல்லிவிட்டேன் (நல்ல பட்டன்களும் உண்டு, விலை ஏறிவிடும்). இரண்டாவது, தலையைத் திருகினால் எரிவது. தனியாக சுவிட்சே இல்லை, அதனால் ஓட்டை ஒன்று குறைவு, ஆனால் ஒவ்வொரு தடவை போடும்போதும் அணைக்கும்போதும் ஓ-ரிங் தேய்கிறது, அணைக்க வேண்டுமென்றால் மூடியைத் தளர்த்துகிறோம் என்று அர்த்தம். மூன்றாவது காந்தம். வெளியே ஒரு வளையமோ தள்ளுகட்டையோ இருக்கும், அதற்குள் காந்தம். உடம்பில் துளையே இல்லாமல் உள்ளே இருக்கும் சென்சாரை அது தூண்டிவிடும். எனக்கு இதுதான் பிடித்தது. இதிலும் இரண்டு தொல்லை உண்டு. தள்ளுகட்டைக்கு அடியில் மணல் மாட்டிக்கொண்டால் நகராது. இன்னொன்று யாரும் சொல்லாதது: திசைகாட்டி கட்டியிருக்கும் கையில் இந்த டார்ச்சைப் பிடித்தால் முள் காந்தத்தின் பக்கம் ஓடிவிடும். சாப்பாட்டு மேசையிலேயே வைத்துப் பார்த்தேன், ஒரு சாண் தூரத்தில் முள் அசைந்தது, நாலு விரல் தூரத்தில் சுற்றியே விட்டது. திசைகாட்டி இடது கை, டார்ச் வலது கை, முடிந்தது.

கையில் 250 வெள்ளி வைத்திருந்தேன். காந்த சுவிட்ச், ஒரே 18650, மூடியில் இரண்டு ஓ-ரிங், அலுமினிய உடம்பு, 150 மீட்டர் என்று எழுதியது 158 வெள்ளிக்குக் கிடைத்தது, டைவிங் சாமான் விற்கிற கடையில், கையில் பிடித்துப் பார்த்து வாங்கினேன். பேட்டரி தனியாக 38. மாற்று விளக்கு ஒன்றும் வேண்டும், இரவில் இறங்கினால் ஒருவருக்கு இரண்டு விளக்கு என்பதுதான் வழக்கம். அதற்குத் திருகும் வகையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் விளக்கு, டபுள் ஏ பேட்டரி நான்கு, 45 வெள்ளி. டபுள் ஏ எந்தத் தீவின் மளிகைக் கடையிலும் கிடைக்கும். மாற்று விளக்கும் பிரதான விளக்கும் ஒரே மாதிரி பேட்டரியில் ஓடினால் சார்ஜர் கெட்ட அன்றைக்கு இரண்டும் சேர்ந்தே படுத்துவிடும்.

இனி பட்டறை வேலை. ஓ-ரிங்கை ஊசியாலோ ஸ்க்ரூடிரைவராலோ நெம்பக் கூடாது, பள்ளத்தில் கீறல் விழுந்தால் அது நிரந்தர வாய்க்கால். காலாவதியான டச் அண்ட் கோ கார்டு (டோல் கட்டும் பிளாஸ்டிக் அட்டை) ஒன்றின் மூலையைச் சீவி வைத்திருக்கிறேன், அதைக் கொடுத்து நெம்பினால் அழகாக எழும்பி வரும். இன்னொரு வழி, இரண்டு விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கித் தள்ளினால் ஒரு மடிப்பு எழும்பும், அதைப் பிடித்து இழுக்கலாம். பள்ளத்தைக் கண்ணாடி துடைக்கிற துணியால் துடைத்தேன், துண்டு எடுக்கவே இல்லை. சிலிக்கான் கிரீஸ் அரிசி அளவு எடுத்து, விரல்களுக்கு நடுவில் ஓ-ரிங்கை உருட்டி உருட்டி, ரப்பர் மினுமினுக்கிற அளவுக்கு மட்டும் தடவினேன். அதிகம் அப்பினால் கிரீஸே மணலையும் முடியையும் கூட்டிச் சேர்க்கும். தண்ணீரைத் தடுப்பது கிரீஸ் இல்லை, ரப்பர்தான். ரப்பர் முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கி உட்காரத்தான் கிரீஸ். உருட்டும்போதே விரலில் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று தெரிந்துவிடும், கண்ணை விட விரல் நுனி நம்பகமானது.

அப்பா வந்து பார்த்துவிட்டு, தேங்காய் எண்ணெய் போட்டால் ஆகாதா என்றார். போடக் கூடாது. சில ரப்பர்கள் எண்ணெயில் ஊறி உப்பிவிடும். இதில் ஒரு வேடிக்கை, ஓ-ரிங்கே சிலிக்கானாக இருந்தால் சிலிக்கான் கிரீஸும் அதை ஊதவைக்கும். என்னுடையது கறுப்பு நைட்ரைல் ரப்பர் என்று கூட வந்த காகிதத்திலேயே எழுதியிருந்தது. வெர்னியரில் அளந்து, உள்வட்டம், தடிமன் இரண்டையும் எழுதிக்கொண்டு ஜார்ஜ் டவுனில் ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். தவுக்கே (கடை முதலாளி) டப்பாவைத் திறந்து அரை நிமிடத்தில் நாலு எடுத்துக் கொடுத்தார், மொத்தம் இரண்டு வெள்ளி. கம்பெனி உதிரி ஓ-ரிங் என்று ஆன்லைனில் இதையே 15 வெள்ளிக்கு விற்கிறார்கள்.

சோதனைக்கு பேட்டரி வேண்டாம், டிஷ்யூ தாள் போதும். இரண்டு டார்ச்சிலும் பேட்டரி இருக்கிற இடத்தில் தாளைச் சுருட்டி அடைத்து, மூடி, முதலில் வாளியில் ஓர் இரவு. இரண்டுமே காய்ந்தே இருந்தன. வாளியில் பாஸ் ஆனால் கடலிலும் பாஸ் என்று அர்த்தமில்லை. அடுத்த பாயார் பயணத்தில், பகல் டைவ்தானே, இரண்டையும் பேட்டரி இல்லாமலேயே ஜாக்கெட்டில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். கூட வந்தவன் பேட்டரி இல்லாத டார்ச்சை எதற்குடா சுமக்கிறாய் என்று சைகையில் கேட்டான். அதிகபட்சம் 18 மீட்டர், 46 நிமிடம். மேலே வந்து படகிலிருந்த கழுவும் தொட்டியில் எல்லோருடைய சாமானோடும் சேர்த்துப் போட்டேன், சாப்பிட்டுவிட்டு வந்து துடைத்துத் திறந்தேன். அலுமினிய டார்ச்சில் தாள் மொடமொடவென்று இருந்தது. பிளாஸ்டிக்கில் தாளின் ஓரத்தில் ஐம்பது காசு அளவுக்கு ஈரம்.

நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பே இல்லை. அதாவது 18 மீட்டர் ஆழத்தில் வராத தண்ணீர், முழங்கால் ஆழம்கூட இல்லாத நல்ல தண்ணீர்த் தொட்டியில் வந்திருக்கிறது! யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆழத்தில் அழுத்தமே ஓ-ரிங்கைப் பள்ளத்தின் ஓரத்தோடு சேர்த்து நசுக்கி அடைத்துவிடும். ஆழமில்லாத இடத்தில் அந்த உதவி கிடையாது. அதோடு திருகும் விளக்கு, அணைத்த நிலையில் தலை தளர்ந்து நிற்கும், தொட்டியில் மற்ற சாமான்கள் மோதி மோதி ஆட்டியிருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் இன்னொன்றும் தெரிந்தது: ஓ-ரிங் உரசும் உள்சுவரில், பிளாஸ்டிக் அச்சின் இரண்டு பாதி சேர்ந்த இடத்தில், மேலிருந்து கீழாக ஒரு பிசிறு. நகத்தால் தடவினால் தட்டியது. 2,000 நம்பர் எமரித் தாளை நனைத்து ஒரு பென்சிலில் சுற்றி, அந்தப் பிசிறை மட்டும், வட்டமாகவே தேய்த்தேன், நீளவாக்கில் தேய்த்தால் நாமே வாய்க்கால் வெட்டியதாகிவிடும். பத்து நிமிட வேலை. தூளைக் கழுவி, புது ஓ-ரிங், மறுபடியும் டிஷ்யூ, மறுபடியும் தொட்டி. இந்தத் தடவை நானே கையால் ஆட்டினேன், தாள் காய்ந்தே இருந்தது.

மே மாதம் பெர்ஹெந்தியான் தீவு. நவம்பர் வந்தால் கிழக்குக்கரையில் பருவமழை, கடையெல்லாம் அடைத்துவிடுவார்கள், அதற்குள் ஓர் இரவு டைவ் போட்டுவிட வேண்டும் என்று காரில் கிரிக், ஜெலி வழியாக குவாலா பெசுட்டுக்கு மலையேறி இறங்கிப் போனோம். விமானத்தில் போகிறவர்கள் உதிரி பேட்டரியைக் கைப்பையில் எடுத்துப் போங்கள், பெட்டிக்குள் போட்டு அனுப்பக் கூடாது, முனைகள் உரசாமல் பிளாஸ்டிக் டப்பாவில் இருக்க வேண்டும்.

இருட்டியபின் இறங்கினோம். தண்ணீர் தெளிவு, ஒளி வெள்ளைப் பிரம்பு மாதிரி நீண்டுபோய் மணலில் ஒரு தட்டு அளவுக்கு விழுந்தது. மணலில் வட்டம் போட்டுக் காட்டினால் 'நான் நல்லா இருக்கேன்', பக்கவாட்டில் மெதுவாக ஆட்டினால் 'இங்கே பார்', வேகமாக ஆட்டினால் 'ஆபத்து'. எவன் முகத்திலும் அடிக்காதே என்று இறங்குமுன்பே மூன்று தடவை சொல்லித்தான் அனுப்பினார்கள், அப்படியும் ஒருவன் என் கண்ணில் அடித்தான், அரை நிமிடம் குருடு. பவளத்துக்கு அடியில் ஒரு கிளிமீன் கண்ணாடிப் பை மாதிரி சளிக்கூட்டைத் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. ஒளியைப் பக்கவாட்டில் தள்ளி, ஓரத்து மங்கல் வெளிச்சத்தில் மட்டும் பார்த்தேன். நேரே அடித்திருந்தால் எழுந்து ஓடியிருக்கும்.

50 நிமிடம் எரிந்தது, கடைசிப் பத்து நிமிடம் குறைந்த ஒளியில் வைத்திருந்தேன். மேலே வந்ததும் அணைத்துவிட வேண்டும், இதெல்லாம் தண்ணீர் குளிரவைக்கும் என்று நம்பிச் செய்த சாமான், காற்றில் முழு ஒளியில் வைத்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் கையில் பிடிக்க முடியாது. திறக்காமலேயே நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, தள்ளுகட்டையை நாலு தடவை முன்னும் பின்னும் தள்ளி உப்பை விட்டு, துடைத்து, மூடியைக் கீழ்நோக்கிப் பிடித்துத் திறந்தேன், மரையில் தங்கியிருக்கும் சொட்டு உள்ளே போகாமல் வெளியே விழட்டும் என்று. காய்ந்தே இருந்தது. வீட்டுக்கு வந்தால் பேட்டரியை வெளியே எடுத்து, மூடியைத் தளர்வாக வைத்து, பிஸ்கட் டப்பாவில்.

மொத்தம் 243 வெள்ளி, செத்துப்போன 69ஐச் சேர்க்காமல். இப்போது ஒரே குறை, டார்ச்சோடு வந்த கைக்கயிற்றின் கொக்கி. துருப்பிடிக்காத எஃகு என்று போட்டிருந்தது, மூன்று டைவில் சுருள்வில் ஆரஞ்சு நிறமாகி, திறந்தால் மூட மறுக்கிறது. சனிக்கிழமை மறுபடியும் தவுக்கே கடைக்குப் போக வேண்டும், படகுக்கு மாட்டுகிற வெண்கலக் கொக்கி ஒன்று சின்ன அளவில் அன்றைக்கே கண்ணில் பட்டது.